என்ன அலுவலாய்ப் போறியள்?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ஒட்டுசுட்டானைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, நீங்கள் மோட்டார் சைக்கிளிலை ஊர் சுத்துறனீங்களாம். அதைப் பற்றிக் கதையுங்கோ" என்று கேட்டார். நான் 34 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக இருந்தவள். தாய்ப்பாலைப் பற்றியோ தடுப்பூசியைப் பற்றியோ பேசச் சொன்னால் ஆயத்தம் இல்லாமலே ஒரு மணித்தியாலம் பேசுவேன். ஊர் சுற்றுவதைப் பற்றிப் பேசும்படி என்னை யாரும் கேட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் என்னைக் கேட்டது வேறு ஒரு கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

விடுதியில் இருந்தவர்களுக்கு வாயிற் பதிவேடு ஞாபகம் இருக்கும். நீல மட்டை போட்ட பெரிய கொப்பி. பெயர், போகும் நேரம், திரும்பும் நேரம், காரணம் என்று நான்கு நிரல். முதல் மூன்றையும் எப்படி எழுதினாலும் மேற்றன் பேசமாட்டார். நாலாவது நிரலில்தான் அவருடைய விரல் வந்து நிற்கும். "பல்வலி" என்று எழுதினால் எந்தப் பல் என்று கேட்பார். நான் 1970 இல் ஒட்டுசுட்டானிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை. காடும் குளமும் வயலுமாய்க் கால் போன போக்கில் திரிந்து வளர்ந்தவள். வெளியே போவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பதை அந்தக் கொப்பியில்தான் முதன்முதலில் படித்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாற்பது பெண்பிள்ளைகளைப் பொறுப்பெடுத்தவர் வேறு என்னதான் செய்ய முடியும்?

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ34 வீதியில், ஏறக்குறைய நடுவழியில் இருக்கிறது ஒட்டுசுட்டான். ஓட்டுத் தொழிற்சாலை இருந்ததால் ஓடு சுட்ட ஊர் என்று இங்கே சிலர் நினைத்திருந்தீர்கள். குரக்கன் ஒட்டைச் சுட்ட இடத்தில் தான்தோன்றீஸ்வரர் வெளிப்பட்டார், அதனால்தான் இந்தப் பெயர் என்பது ஊர்க் கதை. ஒரு பக்கம் முத்தையன்கட்டுக் குளம். இன்னொரு பக்கம் பண்டாரவன்னியனின் நினைவுக்கல் நிற்கும் கற்சிலைமடு. பெரிய வீதியை விட்டு இறங்கினால் கிறவல் றோட்டுத்தான். குழியிலிருந்து வெட்டி வந்த சிவப்புக் கிறவலைக் கொட்டிப் பரவி விடுவார்கள். மாரியில் அது களி. கோடையில் புழுதி. இரண்டுக்கும் இடைப்பட்ட சில கிழமைகளில் மட்டும் அருமையான றோட்டு.

1984 இல் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சைக்கிள்தான். முத்தையன்கட்டு வலதுகரைக்கு ஒரு நாள், இடதுகரைக்கு ஒரு நாள், அதற்கு அப்பால் காட்டோரக் குடியிருப்புகளுக்கு ஒரு நாள். சில வருடங்களில் ஒரு ஹொண்டா எம்.டி. 90 வாங்கினேன். ஜப்பானில் தபாற்காரருக்கென்று செய்த சிவப்பு வண்டி. கையில் கிளச் கிடையாது. காலால் கியரை மாற்றினால் போதும். தொண்ணூறு சி.சி. வேகம் இல்லை, ஆனால் விழுந்தால் நிமிர்த்தி ஒரு உதை, திரும்ப ஓடும். ஊரில் மோட்டார் சைக்கிள் ஓடிய முதற் பெண் நான் என்று சொல்லமாட்டேன். ஆனால் வளைவு திரும்பும்போது வரம்பில் நின்றவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது உண்மை.

வேலையில் சேர்ந்த பிறகும் நாலாவது நிரல் என்னை விடவில்லை. நாட்குறிப்பேட்டில் போன வீடு, போன காரணம். பயணப்படி கேட்கும் படிவத்தில் தூரம், காரணம். 1990 க்குப் பிறகு அந்தக் கேள்வியின் எடையே மாறிவிட்டது. வன்னியை விட்டு வெளியே போக அந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ், இந்தப் பக்கத்துக்கு ஒரு பாஸ். இரண்டிலும் காரணம். காரணம் போதாவிட்டால் பயணம் இல்லை. வீதியில் நிற்பவர் யாராக இருந்தாலும், எந்த உடுப்போடு நின்றாலும், முதலில் கேட்பது ஒன்றுதான்: "என்ன அலுவலாய்ப் போறியள்?" என் தோளில் தொங்கிய பையே எனக்குப் பதிலாக இருந்தது. பிள்ளைப்பேறு என்ற காரணத்தை மறுக்க எவருக்கும் வாய் வராது.

பெற்றோல் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடினோம். இளையவர்களுக்கு இது விளங்காது, கொஞ்சம் விளக்குகிறேன். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் பற்றாது. சின்ன மருந்துப் போத்தலில் பெற்றோலைப் பொன்னைப்போல் வைத்திருப்போம். கழித்துப்போட்ட சிறிஞ்சில் இழுத்து காபிறேற்றருக்குள் சில துளி விட்டு உதைத்தால் வண்டி பிடிக்கும். சூடேறிய பிறகு மண்ணெண்ணெயைத் திறந்துவிட வேண்டும். சிறிஞ்சுக்கு எனக்குப் பஞ்சம் இல்லாததால் ஊரில் பாதி வண்டிகள் என் தயவில்தான் ஓடின. புகை வெள்ளையாய் வரும். புளக் கரி பிடித்து நடுவழியில் நிற்கும். கழற்றி, மண்கடதாசியால் தேய்த்துப் போட்டு, திரும்ப உதைப்பேன். அப்படி நின்ற இடங்களில் ஒலுமடுப் பக்கத்துக் காடும் ஒன்று. பொழுதுபட்டு, ஆனை முறிக்கும் சத்தம் கேட்க, நான் புளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது. அடுத்த வீட்டில் தலைப்பிள்ளைக்காரி ஒருத்தி காத்திருந்தாள் என்பதால் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

2008 முடிவில் ஊரை விட்டு எழும்பினோம். அம்மாவைப் பின்னால் ஏற்றி, முன்னுக்கு ஒரு மூட்டையோடு அந்த எம்.டி. 90 இல்தான் புதுக்குடியிருப்புப் பக்கம் போனேன். பிறகு இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால். கடைசியில் வண்டியை ஒரு பனையடியில் சாத்திவிட்டு, சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தோம். மீள்குடியேறிய பிறகு அந்தப் பக்கம் குவிந்துகிடந்த வாகனங்களை நீங்கள் படத்தில் கண்டிருப்பீர்கள். நான் நேரே போய்த் தேடினேன். சிவப்பெல்லாம் துருவின் சிவப்பாக இருந்தது. எது என்னுடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. சாவி இப்போதும் வீட்டில் இருக்கிறது. அந்த நாட்களைப் பற்றிப் பேச இன்று என்னை அழைக்கவில்லை, நானும் அதற்காக வரவில்லை.

2018 இல் ஓய்வு பெற்றேன். அதற்கு முன்பே இன்னொரு பழைய எம்.டி. 90 தேடி வாங்கியிருந்தேன். ஓய்வுபெற்ற அடுத்த கிழமை காலையில் எழும்பி, வழக்கம்போல் வண்டியைத் துடைத்து, உதைத்துவிட்டு, படலையில் நின்றேன். எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை. போக ஒரு வீடும் இல்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி வைத்தேன். அறுபது வயதில் அது ஒரு மாதிரியான காலை.

அந்த ஜூலையில்தான் ரொறன்ரோவிலிருந்து என் வகுப்புத் தோழி வந்தாள். விடுதியில் என் பக்கத்துக் கட்டில். இன்று மண்டபத்தில் இருக்கிறாள், பெயர் சொன்னால் எனக்கு அடி விழும். அவளுக்கு ஒரு மகள். மகள் தனியாக மோட்டார் சைக்கிளில் ஆர்ஜென்ரீனாவின் தென்கோடிக்குப் போய் வந்திருக்கிறாள். அங்கே 40 ஆம் இலக்க நெடுஞ்சாலை என்று ஒன்று, அந்தீஸ் மலையடிவாரத்தால் 5,000 கிலோமீற்றருக்கு மேல் நீள்கிறது. தெற்கே பத்தகோனியாவில் அது நீண்ட காலம் கிறவலாய்க் கிடந்தது, இன்னும் சில துண்டுகள் அப்படியே இருக்கின்றன. "றிப்பியோ" என்கிறார்களாம் அந்தக் கிறவலை. மேற்கிலிருந்து வீசும் காற்று வண்டியைச் சரித்தபடியே வைத்திருக்கும், நேராக ஓடுவதற்கே சரிந்து ஓட வேண்டும். இதற்காக மகள் நல்ல வேலை ஒன்றை விட்டிருந்தாள். தாயும் மகளும் ஆறு மாதமாய்ச் சரியாகக் கதைப்பதில்லை. தோழி படத்தை எல்லாம் எனக்குக் காட்டிவிட்டுக் கேட்டாள்: "எடியே, நீயும் உந்தக் கிறவலிலை முப்பது வருசம் ஓடினனி. அதிலை அப்பிடி என்னதான் கிடக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் ஓடியது அலுவலுக்கு. "ஏறு, போய்ப் பார்ப்பம்" என்றேன்.

மூன்று நாள் போனோம். மாங்குளம், மல்லாவி, துணுக்காய், வெள்ளாங்குளம், அங்கிருந்து மன்னார், தலைமன்னார். பிறகு திரும்பி வடக்கே பூநகரி, சங்குப்பிட்டி, பரந்தன், புதுக்குடியிருப்பு, வீடு. 350 கிலோமீற்றருக்குக் கிட்ட. உலகம் சுற்றுகிறவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு முன் ஓடி முடிக்கிற தூரம். இரண்டு அறுபது வயதுப் பெண்கள், ஒரு பை, ஒரு பழைய தபால் வண்டி என்றால் அதுவே நெடும்பயணம். மன்னார் வீதி அப்போது கார்பெற். சுகமாய்ப் போனோம், சொல்ல அதிகம் இல்லை. தீவுக்குப் போகும் பாலத்தில் மட்டும் சோளகம் எங்களைக் கரைக்குத் தள்ளப் பார்த்தது. அந்தத் தீவில் 2020 டிசெம்பரில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி மின்நிலையத்தைத் திறந்தார்கள் என்றால் காற்றைப் பற்றி நான் வேறு சாட்சி சொல்லத் தேவையில்லை.

சொல்ல வேண்டியது கௌதாரிமுனை றோட்டைப் பற்றி. பூநகரியிலிருந்து மேற்கே கடலுக்குள் நீளும் மண்முனை. மணற்குன்றுகளும், தாழைப் புதர்களும், மண்ணித்தலையில் இடிந்துபோன பழைய சிவன் கோயில் ஒன்றும் இருக்கின்றன. நாங்கள் போனபோது பாதை முழுக்கக் கிறவலும் மணலும். மரம் இல்லை, மதில் இல்லை. ஜூலையில் சோளகம் கடலிலிருந்து நேரே வந்து அடிக்கிறது.

கிறவலில் ஓடும் வித்தையை இங்கே சொல்லிவிடுகிறேன், உங்களில் நாலு பேருக்காவது உதவும். முதலாவது, ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள். இறுகிய ரயர் உருளைக் கற்களில் துள்ளும், தளர்ந்த ரயர் பிடிக்கும். ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்சில்லு அங்குமிங்கும் அலைவது அதன் இயல்பு, அலைய விட்டால் தானே நேராகும், அடக்கப் போனால் விழுத்தும். முன் பிறேக்கை மறந்துவிடுங்கள். முன்சில்லுக்கு அடியில் இருக்கும் கல்லைப் பார்த்தால் அந்தக் கல்லிலேயே போய் ஏறுவீர்கள், தூரத்தைப் பாருங்கள். அலை அலையாய்த் திரைந்த இடங்களில் காற்தாங்கியில் எழும்பி நின்று ஓடினால் முழங்கால் அடியை வாங்கிக்கொள்ளும், முதுகு தப்பும். அந்தத் திரைவுக்கு ஆனையோ மழையோ காரணம் இல்லை, நாங்கள்தான். ஒரு வேகத்துக்கு மேலே ஓடும் சில்லு சின்ன மேட்டில் துள்ளி விழும். விழுந்த இடத்தில் கிறவலைத் தள்ளி அடுத்த மேட்டை உண்டாக்கும். மெதுவாக ஓடினால் திரைவு வராது. ஆனால் மெதுவாக ஓடச் சொல்லி ரிப்பர்காரரிடம் யார் சொல்வது?

காற்றுக்கு வேறு வித்தை. காற்று வரும் பக்கம் உடம்பைக் கொஞ்சம் சாய்த்துப் பழகிக்கொள்ளலாம். தொடர்ந்து வீசும் காற்று ஆபத்தில்லை, அது ஒரு சுவர் மாதிரி, சாய்ந்துகொள்ளலாம். திடீரென்று நிற்கும் காற்றுத்தான் விழுத்தும். எங்களுக்கும் அதுதான் நடந்தது. மணல் ஏற்றிய ரிப்பர் ஒன்று எதிரே வந்தது. அது எங்களைக் கடந்த அந்த ஒரு நொடி காற்று மறைந்தது. சாய்ந்திருந்த பக்கமே வண்டி இழுபட்டது. நிமிர்த்தினேன். ரிப்பர் போய் முடிய, காற்று திரும்ப வந்து மற்றப் பக்கம் அறைந்தது. கிறவலுக்கு மேலே மெல்லிய மணல். இரண்டு பேரும் கீழே. வேகம் இல்லாததால் எனக்கு முழங்கை, அவளுக்கு முழங்கால் உரசலோடு போயிற்று. காற்சட்டை கிழிந்து மணலில் இருந்தபடி அவள் சிரிக்கத் தொடங்கினாள். விடுதியில் விளக்கணைத்த பிறகு சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. ஐம்பது வருடமாய் நான் கேட்காத சத்தம்.

கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்தார். ஐம்பது வயது இருக்கும். தண்ணீர் தந்து, காயத்தைக் கழுவவிட்டு, பிறகு கேட்டார்: "என்ன அலுவலாய் வந்தனீங்கள்?"

நான் வழக்கப்படி வாயைத் திறந்தேன். என்னிடம் பையும் இல்லை, அலுவலும் இல்லை. தோழிதான் சொன்னாள்: "சும்மா."

"சும்மாவோ?"

"ஓம். சும்மா, பாக்க."

அந்தப் பெண் எங்கள் இருவரையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பைத்தியங்கள் என்று நினைக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் மணலில் எங்களுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு சொன்னார்: "நான் ஒரு இடமும் சும்மா போனதில்லை. போனதெல்லாம் இடம்பெயர்ந்துதான்." அழுதுகொண்டு சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். பூநகரியிலிருந்து எழும்பி எங்கெங்கே போனார் என்று ஊர்களை விரல் மடித்து எண்ணினார். ஒட்டுசுட்டானும் அதில் இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் வீதியில் இரண்டு கிழமை இருந்தாராம். பிறகு, கொஞ்சம் வெட்கத்தோடு, "உதிலை என்னையும் ஒருக்கால் ஏத்துவியளே?" என்று கேட்டார்.

ஏற்றினேன். மணல் கட்டியாய் இருந்த இடத்தில் ஒரு மைல் போய்த் திரும்பினோம். என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார். காற்று முன்னுக்கு வரும்போது ஒரு தரம் பிடியை விட்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். "ஒரு இடமும் வேண்டாம், ஓடுங்கோ" என்றார்.

சில காலம் கழித்துத் தோழியின் மகள் எனக்கு ஒரு புத்தகம் அனுப்பினாள். தெரேசா வாலக் என்ற பெண் எழுதியது. அவரும் புளோரன்ஸ் பிளென்கைரன் என்ற தோழியும் 1934 டிசெம்பர் 11 ஆம் திகதி இலண்டனிலிருந்து 600 சி.சி. பந்தர் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, சகாராவைக் கடந்து, 1935 ஜூலை 29 இல் கேப்ரவுணைச் சேர்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சைட்கார், பின்னால் ஒரு இழுவைப் பெட்டி. பாலைவனத்தில் திசைகாட்டியும் இல்லாமல். எங்கள் பாட்டிமார் தனியாகச் சந்தைக்குப் போகாத காலம் அது. வாசித்தபோது எனக்குப் பிடித்தது பெரிய சாகசங்கள் அல்ல. மணலில் புதைந்த வண்டியைத் திரும்பத் திரும்பத் தோண்டி எடுக்கிறார்கள், இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டுகிறார்கள். ஒலுமடுக் காட்டில் புளக்கைத் தேய்த்தவளுக்கு அது விளங்கும். 1973 இல் ஒரு 125 சி.சி. கவசாக்கியில் தனியாக உலகம் சுற்றிய ஆன் பிரான்ஸ் டோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண்ணைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். நான் விடுதியில் பல்வலி என்று எழுதிக்கொண்டிருந்த வருடம்!

தாயும் மகளும் முழுக்கச் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். வேலையை விட்டது சரி என்று என் தோழி இன்றும் ஒத்துக்கொள்வதில்லை. எனக்கும் அதில் முடிவான கருத்து இல்லை. ஆனால் அன்று இரவு பரந்தனில் தங்கிய வீட்டிலிருந்து அவள் மகளுக்கு எடுத்த தொலைபேசி என் காதிலும் விழுந்தது. முன்பெல்லாம் "ஏன் போறாய்?" என்று கேட்பவள், அன்று கேட்டது, "நீ அங்கை ஓடேக்கை ரயருக்கு எவ்வளவு காத்து விட்டனி?" மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். முழுவதும் ரயர், காற்று, எப்படி விழுந்தது என்பது பற்றித்தான்.

அதற்குப் பிறகு வருடா வருடம் ஒரு பயணம் போகிறேன், உடம்பு விடுகிற மட்டும். தொற்றுக் காலத்தில் போகவில்லை, பெற்றோலுக்கு வரிசையில் நின்ற 2022 இலும் போகவில்லை. செம்மலை, நாயாறு, கொக்கிளாய்க் கரைக்கு ஒரு தரம். நெடுங்கேணிக் காட்டுப் பாதைகளுக்கு ஒரு தரம். கௌதாரிமுனைக்கு இன்னும் இரண்டு தரம். சோதனைச் சாவடிகள் இப்போது குறைவு. ஆனாலும் கடையில், கோயிலில், குளக்கட்டில் அந்தக் கேள்வி வரும். பெண் என்றால் கட்டாயம் வரும். சும்மா என்று சொல்லப் பழகிவிட்டேன். முதல் தரம் தொண்டையில் சிக்கியது உண்மை.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் சிலர் இடைவேளையில் என்னிடம் கேட்டீர்கள், அடுத்த முறை சேரலாமா என்று. தாராளமாக வாருங்கள். மாரியில் வேண்டாம், களியில் என்னால் உங்களைத் தூக்க முடியாது. ஜூலை, ஓகஸ்ட் நல்லது. காற்று இருக்கும், ஆனால் காலையில் அடங்கியிருக்கும், வெயில் ஏறத்தான் எழும்பும். ஆகவே ஐந்தரைக்குப் படலையை விட்டு வெளிக்கிட வேண்டும். இருட்டுக்கு முன் தங்குமிடம் சேர வேண்டும், ஆனையோடு பந்தயம் இல்லை. உங்கள் நாட்டு லைசென்சை இங்கே செல்லுபடியாக்கிக்கொண்டு வாருங்கள். முழங்காலுக்கும் முழங்கைக்கும் ஏதாவது தடிப்பாய்ப் போடுங்கள். ஹெல்மெற் உங்கள் தலைக்கு அளவாய் நீங்களே கொண்டுவர வேண்டும். என்னிடம் மேலதிகமாய் இருப்பது ஒன்றுதான். அது என் தோழி விட்டுப்போனது, அவளுடைய தலை பெரிது.